பன்னிரண்டு தசம் நாலு

மாத்தையா நுகேகொடையில் இருக்கிறார்.
கேரவன் அப்புத்தளையில் நிற்கிறது,
டர்பன்டைன் மரங்களுக்குக் கீழே,
வெள்ளைக்காரர்கள் வராத மாதங்களில்.
நடுவில் நான்.

வேலை இவ்வளவுதான்:
பட்டரி சாகக் கூடாது.
பன்னிரண்டு தசம் நாலுக்குக் கீழே
ஒரு நாளும் இறங்கக் கூடாது.
விடிந்ததும் மீட்டரைப் படமெடுத்து
போனில் அனுப்புவேன்.
அவர் ஒரு கட்டைவிரல் அனுப்புவார்.
எங்களுக்குள் வேறு பேச்சில்லை.

கூரையில் இரண்டு சோலார் பேனல்.
நூறு நூறு வாட்ஸ் என்று எழுதியிருக்கிறது.
எழுதினவன் இந்தப் பக்கம் வந்ததில்லை.
பத்து மணிக்கே மூடுபனி ஏறி
ரயில் பாதையைத் தின்று
மடுவத்தைத் தின்று
கடைசியில் பேனலின் மேல் வந்து படுக்கும்.
கன்ட்ரோலரின் பச்சை விளக்கு
யோசித்து யோசித்து மினுங்கும்.

முதலில் எனக்குத் தெரியாது,
ஓர் இலை போதுமென்று.
ஒரேயொரு கட்டத்தில் அது ஒட்டிக் கிடந்தால்
மற்றக் கட்டங்களும் கையைக் கட்டிக்கொள்ளும்.
எங்கள் சங்கத்தில்கூட
இத்தனை ஒற்றுமையைக் கண்டதில்லை.
ஏணி வைத்து ஏறுவேன்.
பழைய சாரத்தால் துடைப்பேன்.
இறங்கித் திரும்பிப் பார்த்தால்
இன்னோர் இலை.

பிரிட்ஜ் போடுவதில்லை.
ஒரு பல்ப், அதுவும் சாப்பிட்டு முடியும்வரை.
மாத்தையாவின் மெத்தையில் படுப்பதில்லை.
தரையில் பாய்; தலைமாட்டில் பட்டரி,
தீனி கேட்டுக் கத்தத் தெரியாத
ஒரு பிராணி மாதிரி.

நவம்பரில் ஒரு புதன்கிழமை
மண் சரிந்து கம்பம் சாய்ந்தது.
ஏழாம் நம்பர் லயம் முழுக்க இருட்டு.
விஜயசாந்தி வந்து கதவைத் தட்டினாள்.
ஒரு தோளில் பிள்ளை,
மறு கையில் நெபுலைசர்.
பிள்ளையின் நெஞ்சுக்குள்
யாரோ விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள்.
அவள் ஒன்றும் கேட்கவில்லை.
பிளக்கை மட்டும் நீட்டினாள்.

இன்வேட்டர் முனகியது.
வெளியே மலையை மூடிய பனி;
உள்ளே, ஒரு சின்ன முகமூடிக்குள்
வேறொரு பனி.
பன்னிரண்டு தசம் ஒன்று.
இரண்டு மணிக்கு மறுபடி.
பதினொன்று தசம் எட்டு.
நாலரைக்கு இன்வேட்டர் கீ கீ என்று கத்தியது.
பதினொன்று தசம் நாலு.
தனுஷியா மாத்தையாவின் மெத்தையில்
வாய் திறந்து தூங்கினாள்.

விடிந்தது, பெயருக்கு.
போனில் முந்தின நாள் படம் இருந்தது:
பன்னிரண்டு தசம் ஆறு, தெளிவாக.
விரல் அதன்மேல் கொஞ்ச நேரம் நின்றது.
பிறகு எழுந்து போய்
பதினொன்று தசம் நாலைப் படமெடுத்து அனுப்பினேன்.
கட்டைவிரல் வரவில்லை.

மூன்று மணிக்கு விஜயசாந்தியின் வீட்டுக்காரர் வந்தார்,
பின்னால் லயத்துப் பொடியன்கள்.
"வெயில் எங்கே விழும்?" என்று கேட்டார்.
வொலிபோல் கிரவுண்டைக் காட்டினேன்.
கல்லை எடுத்தோம், பிரேக்கை விட்டேன்.
பதினொரு பேர் தள்ளினார்கள்.
ஒருத்தன் செருப்புச் சேற்றில் போனது.
ஒருத்தன் "இதுக்குள்ள கக்கூஸும் இருக்காடா?" என்றான்.
சிரிப்பில் கைநழுவி
வண்டி ஓர் அடி பின்னால் வந்தது.

மறுநாள் பதினொன்றரைக்கு வானம் திறந்தது,
நாற்பது நிமிடம்.
மீட்டர் துள்ளிப் பதின்மூன்றுக்குப் போனது.
அதை நம்பக் கூடாது.
சார்ஜ் ஏறும்போது எல்லாப் பட்டரியும்
கலியாண வீட்டுக்காரன் மாதிரிதான் பேசும்.
இரவு ஆறவிட்டுப் பார்த்தால்தான் உள்ளது தெரியும்.

உள்ளது: பன்னிரண்டு தசம் இரண்டு.
அனுப்பினேன்.
படத்தின் ஓரத்தில், ஜன்னல் கண்ணாடியில்,
வொலிபோல் நெட் தெரிந்திருக்கிறது.
"வண்டி எங்கே?" என்று வந்தது.
ஐந்து மாதத்தில் அவருடைய முதல் வார்த்தை.

"வெயிலில்" என்று அனுப்பிவிட்டு
ஏணியை எடுத்தேன்.
இங்கே மரமில்லை.
ஆனாலும் எங்கிருந்தோ
ஓர் இலை.